இரண்டாவதைத் தாண்டிக் குதிக்கலாமா?

நாம் வழக்கறிஞராகி நீதிமன்றத்தில் வாதாடும் வீடியோ விளையாட்டுத் தொடர் ஏஸ் அட்டர்னி. அதன் முதல் விளையாட்டை முடித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். ஐந்து வழக்கும் முடிந்துவிட்டது. நாயகனான வழக்கறிஞர் பீனிக்ஸ் ரைட் விரலை நீட்டி "ஆட்சேபணை!" என்று கத்துவது இன்னும் காதில் ஒலிக்கிறது. அடுத்து எதை ஆடுவது? வரிசைப்படி பார்த்தால் 'ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. ஆனால் அதைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது 76 என்ற எண். விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்கள் நூற்றுக்குக் கொடுத்த சராசரி அது. முதலாவதுக்கு 81. மூன்றாவதான 'ட்ரையல்ஸ் அண்ட் ட்ரிபுலேஷன்ஸ்'க்கும் 81. நடுவில் பிறந்தது மட்டும் இளைத்துக் கிடக்கிறது.

உடனே மனசு கணக்குப் போடும். ஒரு விளையாட்டுக்கு இருபது மணி நேரமாவது ஓடும், பெரும்பாலும் வாசிப்புதான். அதை ஏன் சுமாரான ஒன்றில் செலவழிக்க வேண்டும்? நேராக மூன்றாவதுக்குப் போய்விடலாமா? இல்லை, புதிய நாயகனோடு தொடங்கும் 'அப்பல்லோ ஜஸ்டிஸ்'? அல்லது எல்லாவற்றையும் விட்டு, முன்கதை தெரியாமலே ஆடக்கூடிய 'கிரேட் ஏஸ் அட்டர்னி குரோனிக்கிள்ஸ்'? நானும் இப்படிக் கணக்குப் போட்டவன்தான். போட்டு, தப்பாக முடிவெடுத்து, திரும்பி வந்தவன். அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதைத் தாண்டாதீர்கள். ஆனால் அது குறையில்லாத விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். குறை நிறையவே உண்டு.

முதலில் அந்த 76 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இந்த விளையாட்டு ஜப்பானில் 2002 அக்டோபரில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வெளிவந்தது, முதலாவது வந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில். எழுதி இயக்கியவர் ஷூ டகுமி. முதல் விளையாட்டில் ஒரு வழக்கை எழுதவே அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதற்கோ ஐந்து வழக்கு, மூன்றரை மாதம் என்று கெடு. கடைசியில் கார்ட்ரிட்ஜில் இடம் போதாமல் ஒரு வழக்கைக் கழற்ற வேண்டியதாயிற்று. அப்படிக் கழன்ற வழக்கு பிறகு மூன்றாவது விளையாட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் இது வந்தது 2007 ஜனவரியில், தொடுதிரையும் மைக்கும் உள்ள நின்டெண்டோ டிஎஸ் கருவியில். இங்கேதான் சிக்கல். 2005இல் முதல் விளையாட்டு டிஎஸ்ஸுக்கு வந்தபோது தயாரிப்பு நிறுவனமான கேப்காம் அதில் ஐந்தாவதாக ஒரு புது வழக்கைச் சேர்த்திருந்தது. கைரேகைப் பொடியைத் தூவி மைக்கில் ஊதலாம், லூமினால் தெளித்து ரத்தக்கறை தேடலாம், சான்றுப்பொருளைக் கையில் எடுத்ததுபோலச் சுழற்றிப் பார்க்கலாம். அதை ருசித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்த விமர்சகருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டு பழைய கேம் பாய் விளையாட்டு, அதே நீதிமன்றம், அதே நீதிபதி, முன்பு பார்த்த அதே படங்கள், நான்கே வழக்குகள். எழுத்து நன்றாயிருக்கிறது, பாத்திரங்கள் பிரமாதம், ஆனால் புதுசாக என்ன இருக்கிறது? விமர்சனங்களின் சாரம் ஏறக்குறைய இதுதான். அன்றைக்கு முழு விலை கொடுத்து வாங்கியவரின் இடத்திலிருந்து பார்த்தால் நியாயமான புகார்.

நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2019 ஏப்ரலில் முதல் மூன்றும் ஒரே தொகுப்பாக ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. மொத்தம் 14 வழக்குகள். இன்று முதலாவதை ஆடியவர்களில் பெரும்பாலோர் கையில் இரண்டாவது ஏற்கெனவே இருக்கும். தனியாகக் காசு கொடுக்கவில்லை, டிஎஸ்ஸின் தொடுதிரை வித்தைகளை எதிர்பார்க்கவும் இல்லை. அந்த மதிப்பெண்ணில் புதுமைக் குறைவுக்காக வெட்டப்பட்ட பகுதி உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. எஞ்சும் கேள்வி ஒன்றுதான்: கதையும் வழக்கும் எப்படி?

தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பீனிக்ஸின் மண்டையில் யாரோ தீயணைப்பு உருளையால் போட்டுவிட, நினைவு தப்பிப்போய் நீதிமன்றத்துக்கு வருகிறார். சான்றை எப்படிக் காட்டுவது, சாட்சியை எப்படி மடக்குவது என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டுமே, அதற்கு ஒரு சாக்கு. சாக்குதான், ஆனால் சிரிப்பு வரும் சாக்கு. பாட வழக்கு என்பதால் அதிலுள்ள ஒரு முரணை மட்டும் சொல்கிறேன், பாதகமில்லை. இறந்தவர் மணலில் விரலால் ஒரு பெண்ணின் பெயரை எழுதிவைத்திருக்கிறார், அவள்தான் கொலையாளி என்று காட்டிக்கொடுப்பதுபோல. அந்தப் பெண் அவருடைய காதலி. ஆனால் பெயரில் எழுத்துப் பிழை. காதலியின் பெயரை எவனாவது தப்பாக எழுதுவானா? சரி, உயிர் போகிற நேரத்தில் கை தடுமாறியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ அறிக்கையை எடுத்துப் பார்த்தால் கழுத்து முறிந்து உடனடி மரணம். செத்தவன் எப்போது எழுதினான்? ஒரே மணல் எழுத்தில் இரண்டு ஓட்டை. இந்தத் தொடரின் சுவையே இதுதான், முதல் அரை மணி நேரத்திலேயே அது கைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது வழக்கில் பீனிக்ஸின் உதவியாளர், ஆவிகளை வரவழைக்கும் குடும்பத்துப் பெண் மாயா ஃபேயே கூண்டில் நிற்கிறாள். அவளுடைய சொந்த ஊரில், ஆவியை வரவழைக்கும் அறைக்குள் நடந்த கொலை. எதிரே அரசுத் தரப்பு வழக்கறிஞராக வருபவள் ஃபிரான்ஸிஸ்கா வான் கார்மா. பதினெட்டு வயது. பதின்மூன்றிலேயே வழக்கறிஞரானவள். கையில் சாட்டை. சாட்சிக்கு ஒரு அடி, நீதிபதிக்கு ஒரு அடி, பீனிக்ஸுக்குக் கணக்கே இல்லை. பேச்சில் மூன்று வார்த்தைக்கு ஒரு 'முட்டாள்'. கொஞ்ச நேரத்துக்கு வேடிக்கை, அப்புறம் சலிப்பு, கடைசியில் அவள்மேல் ஒரு பரிதாபம். நான் எதிர்பார்க்காத வரிசை அது.

இங்கேதான் இந்த விளையாட்டின் ஒரே பெரிய புதுமை வருகிறது: மனப்பூட்டு. மாயாவின் உறவுக்காரச் சிறுமி, எட்டு வயது பேர்ல், காற்புள்ளி வடிவத்திலுள்ள மகடாமா என்ற கல்லில் சக்தி ஏற்றித் தருகிறாள். ஒருவர் எதையாவது மறைத்துப் பேசினால் திரை இருண்டு, அவரைச் சுற்றிச் சங்கிலிகள் பாய்ந்து, சிவப்புப் பூட்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழும். ரகசியம் எவ்வளவு கனமோ அத்தனை பூட்டு. சரியான சான்றைக் காட்டினால் ஒன்று உடையும், தவறான சான்றைக் காட்டினால் உங்கள் ஆயுள் குறையும். முதல் விளையாட்டில் விசாரணைப் பகுதி வெறும் அலைச்சலாக இருந்தது: அறைக்கு அறை போய், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, கேட்டதையே கேட்டு. மனப்பூட்டு வந்ததும் அந்த அலைச்சலுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது. நீதிமன்றத்துக்கு வெளியேயும் குறுக்கு விசாரணை நடக்கிறது. விமர்சனங்களிலும் இதைப் பாராட்டினார்கள், ஆனால் ஒரு சின்னச் சேர்க்கை என்ற அளவில். அது சின்னச் சேர்க்கை இல்லை என்பது நாலாவது வழக்கு வரை போனால்தான் தெரியும்.

ஆயுள் என்றேன் அல்லவா, அதுவும் மாறியிருக்கிறது. முதலாவதில் ஐந்து ஆச்சரியக்குறிகள், எந்தத் தவறானாலும் ஒன்று போகும். இதில் ஒரு பச்சைப் பட்டை. தவறின் தீவிரத்துக்கேற்ப எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே மின்னிக் காட்டும். சில இடங்களில் ஒரு பெரிய துண்டு மின்னும்போது விரல் தானாகவே பின்வாங்கும். நல்ல யோசனைதான். ஆனால் விசாரணையில் இழந்தது நீதிமன்றத்துக்கும் தொடரும், நாள் மாறினால் நிரம்பாது. பூட்டை முழுசாகத் திறந்தால்தான் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். சில இடங்களில் எழுத்தாளர் மனதில் என்ன நினைத்தார் என்று நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. விடை தெரியும், ஆனால் அவர் கேட்கிற சான்று எது என்று தெரியாது. இந்த முதல் மூன்றிலும் வீணாக அடி வாங்கியது நான் இதில்தான் அதிகம்.

சரி, இப்போது சர்க்கஸுக்கு வருவோம். மூன்றாவது வழக்கு. யாரைக் கேட்டாலும் முகம் சுளிப்பார்கள், நானும் சுளிப்பேன். ஒரு மந்திரவாதி, பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாயால் மட்டும் திட்டுகிற ஒருவர், ஒரு கோமாளி. கோமாளி சாட்சி சொல்ல ஏறினால் ஒவ்வொரு வரியிலும் ஒரு ஜோக். அந்த ஜோக்குகள் சிரிப்பு வராதவை என்பதுதான் ஜோக் என்பது புரிகிறது. புரிந்து என்ன செய்ய? குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு வரியையும் அழுத்திக் கேட்க வேண்டும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னொரு ஜோக் வரும். கொலை நடந்த விதம் தெரியவரும்போது 'இப்படியெல்லாமா நடக்கும்' என்று தோன்றும். போதாக்குறைக்கு, பதினாறு வயதுப் பெண்ணை வளர்ந்த ஆண்கள் சுற்றிச்சுற்றி வருவதைக் கதை வேடிக்கையாக நினைக்கிறது. இன்று ஆடினால் நெளிய வைக்கும்.

நான் இந்தக் கோமாளியோடுதான் விளையாட்டை மூடி வைத்தேன். நேராக மூன்றாவதுக்குத் தாவினேன்.

மூன்றாவது நிஜமாகவே நன்றாயிருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. தொடக்கமே மாயாவின் அக்கா மியா ஃபேயின் கண்வழியாக, அவர் இளம் வழக்கறிஞராக இருந்த காலத்தில். கூண்டில் நிற்பவன் கல்லூரி மாணவன் பீனிக்ஸ். எதிர்த்தரப்பில் பின்னால் வருகிற கோடோ முகமூடி போட்டுக்கொண்டு, கோப்பை கோப்பையாகக் காபி குடித்தபடி வாதாடுகிறார். வழக்குகளில் பலவும் ஒரே கதையின் துண்டுகள், கடைசி வழக்கில் எல்லாம் பொருந்தும். முதலிரண்டு விளையாட்டிலும் போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பதற்காகவே எழுதிய கதை இது. தாவியவனுக்கு அடி விழுவதும் அங்கேதான். கடைசி வழக்கின் விதை இரண்டாவது விளையாட்டின் இரண்டாவது வழக்கில் இருக்கிறது. ஆவி அறைக் கொலைக்குப் பின்னால் இருந்த குடும்பப் பகை அப்படியே மூன்றாவதுக்குள் வருகிறது. பேர்ல் யார், அவளுடைய அம்மா என்ன செய்தாள், அந்தச் சிறுமி ஏன் இப்படித் தவிக்கிறாள்? நான் பாதியை ஆடியிருந்தேன் என்பதால் தப்பித்தேன். ஆனால் முதல் விளையாட்டில் அரசுத் தரப்பில் பீனிக்ஸை எதிர்த்து வாதாடிய எட்ஜ்வொர்த் வந்து நின்றபோது விழித்தேன். முதல் விளையாட்டின் முடிவில் பார்த்த ஆளில்லை அவர். நடுவில் அவருக்கும் பீனிக்ஸுக்கும் இடையே என்னவோ நடந்திருக்கிறது. அது நடப்பது நான் மூடி வைத்த விளையாட்டின் நாலாவது வழக்கில்.

ஆக, திரும்பிப் போனேன். கோமாளியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

நாலாவது வழக்கைப் பற்றி அளந்துதான் பேச முடியும். அமைப்பை மட்டும் சொல்கிறேன், அது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுவது. மாயாவை ஒரு கூலிக்கொலைகாரன் கடத்திவிடுகிறான். அவள் உயிரோடு வேண்டுமானால், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு நடிகனுக்கு பீனிக்ஸ் விடுதலை வாங்கித் தர வேண்டும். பணம் வேண்டாம், தீர்ப்பு போதும். முதல் விளையாட்டு முழுக்க நாம் ஒரு நம்பிக்கையில் ஆடினோம்: நம் கட்சிக்காரர் நிரபராதி, அதை நிரூபிப்பதே வேலை. இங்கே அந்த நம்பிக்கையைப் பணயமாக வைத்து ஆடச் சொல்கிறார்கள். மனப்பூட்டை அதுவரை பொய் கண்டுபிடிக்கும் கருவியாக நம்பி வந்திருப்போம். அந்தக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று நாம் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது இங்கே உறைக்கும். மூன்று வழக்குகளாகப் பழக்கிவிட்டு நாலாவதில் காலை வாருகிறார் டகுமி. எட்ஜ்வொர்த்தின் பெயரைக் கேட்டாலே பீனிக்ஸின் முகம் ஏன் சுண்டிப்போகிறது என்பதற்கும் பதில் இங்கேதான். வழக்கறிஞர் எதற்காக வாதாடுகிறார், வெல்வதற்கா, உண்மைக்கா என்று இருவரும் பேசிக்கொள்ளும் இடம் எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த இடம். மூன்றாவதின் கடைசி வழக்கு இதைவிடப் பெரியது, பின்னல் அதிகம். ஆனால் தீர்ப்பு வாசிக்கும் நேரத்தில் எந்தத் தீர்ப்பு வர வேண்டும் என்று எனக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தது இதில் மட்டும்தான்.

இதை ஏன் விமர்சனங்கள் உரக்கச் சொல்லவில்லை என்று யோசித்ததுண்டு. சொல்ல முடியாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மர்மக் கதையின் விமர்சனத்தில் எது புதுசு, எது பழசு, எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதலாம். கடைசி வழக்கு ஏன் நன்றாயிருக்கிறது என்று எழுதினால் வாசகர் அடிக்க வருவார். அதனால் குறையெல்லாம் பக்கத்தில் விரிவாக இடம்பிடிக்கும், நிறையின் முக்கால்வாசி 'முடிவு அருமை' என்ற இரண்டு வார்த்தைக்குள் சுருங்கிவிடும்.

இனி மற்ற வழிகள். 'அப்பல்லோ ஜஸ்டிஸ்' 2007இல் ஜப்பானிலும் மறு ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது, மெட்டாகிரிட்டிக்கில் 78. டிஎஸ்ஸுக்கென்றே செய்தது என்பதால் இரண்டாவதில் விமர்சகர்கள் தேடிய வித்தைகள் இதில் இருந்தன: கைரேகை, முப்பரிமாணச் சான்றுகள், சாட்சியின் உடல் நடுக்கத்தைப் பெரிதாக்கிப் பிடிக்கும் காப்பு. கதை ஏழு ஆண்டு தள்ளி நடக்கிறது, பீனிக்ஸ் வழக்கறிஞர் சின்னத்தை இழந்து கிடக்கிறார். கடைசி வழக்கில் சாதாரண மக்களைத் தீர்ப்புச் சொல்ல உட்கார வைக்கிறார்கள். ஜப்பானில் பொதுமக்கள் நீதிபதிகளோடு அமரும் முறைக்கான சட்டம் 2004இல் நிறைவேறி 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் வந்த விளையாட்டு என்பதால் நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு உள்ளே வந்துவிட்டது. சுவாரசியமான விளையாட்டு, ஆனால் இங்கிருந்து தொடங்காதீர்கள். கீழே விழுந்த மனிதரைப் பார்த்து வலிக்க வேண்டுமானால் அவர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் 81, 81. வேறு இயக்குநர், முப்பரிமாண உருவங்கள், வேகம் கூடுதல், கைபிடித்துக் கூட்டிப் போவதும் கூடுதல். அவற்றுக்கு இப்போது அவசரமில்லை.

நிஜமான போட்டி 'கிரேட் ஏஸ் அட்டர்னி' மட்டும்தான். டகுமியே திரும்பி வந்து எழுதி இயக்கிய இரண்டு விளையாட்டுகள், 2015, 2017. ஜப்பானுக்கு வெளியே வர 2021 ஆகிவிட்டது, இரண்டும் சேர்ந்து, பத்து வழக்குகளாக. மதிப்பெண்ணிலும் இங்கே சொன்ன மற்றவற்றைவிட மேலே நிற்கிறது. மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானிய இளைஞன் லண்டனுக்குப் போய் வாதாடுகிறான். ஆறு பேர் கொண்ட ஜூரி, உரிமைச் சிக்கலால் ஆங்கிலத்தில் ஹெர்லாக் ஷோல்ம்ஸ் ஆகிவிட்ட துப்பறிவாளர், பாத்திரமாகவே வந்து நிற்கும் எழுத்தாளர் நட்சுமே சோசெகி. பீனிக்ஸின் கதையே வேண்டாம், நல்ல நீதிமன்ற விளையாட்டு ஒன்று போதும் என்பவர் தயங்காமல் இதற்குப் போகலாம். ஒன்று மட்டும்: நிதானமாக நகரும். முதல் பாதியில் போட்ட முடிச்சுகள் பலவும் இரண்டாம் பாதியில்தான் அவிழும். முதலாவதின் சூடு ஆறுவதற்குள் மாயாவைப் பார்க்க வேண்டும் என்றிருப்பவருக்கு இது வேறு வீட்டு விருந்து.

மாயாவும் எட்ஜ்வொர்த்தும் அடுத்து என்ன ஆனார்கள் என்ற ஆவல் துளியாவது இருந்தால் இரண்டாவதை எடுங்கள், வரிசையாகப் போங்கள். சர்க்கஸில் மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள், அந்த வழக்கில் நீங்களே கண்டுபிடித்து மகிழ அதிகம் எதுவுமில்லை. நாலாவதில் மட்டும் வழிகாட்டி வேண்டாம். அதற்குப் பதிலாகக் கடைசி நாள் விசாரணைக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள். அங்கே தோற்றால் வழக்கமான 'குற்றவாளி' தீர்ப்போடு நிற்காது, அதற்கென்று தனியாக ஒரு துயர முடிவு இருக்கிறது. டிஎஸ் பதிப்பில் அந்த முடிவின் கடைசி ஆங்கில வரியில் வினைச்சொல்லின் வால் காணாமல் போயிருந்தது. அற்புதம் நிகழவில்லை என்று சொல்ல வந்த வரி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் அந்தப் பிழை கண்ணில் பட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு சேவ் இல்லாததால் நெடுந்தூரம் பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தேன்.